முப்பத்திரண்டாவது இடம்

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வீட்டில் ஏழு மாதக் கைக்குழந்தை. திருவனந்தபுரம் கோட்டையை அடுத்திருந்த ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். டீச்சர் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் அதிகம். நிரந்தர டீச்சர் உடம்பு சரியில்லாமல் நீண்ட லீவில் போயிருந்தார். அவர் இடத்தில் நான் ஆக்டிங். அவர் எழுந்து நடமாடுகிறார் என்று யாராவது சொன்னால் வாய் 'நல்லது' என்று சொல்லும், மனசு இன்னும் எத்தனை மாதச் சம்பளம் என்று எண்ணும்.

ஸ்ரீவராகத்தில் எங்கள் வீடு. என் கணவர் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. பகலில் குழந்தையை நாத்தனார் பார்த்துக்கொண்டார். எங்கள் தெருவில் வேலைக்குப் போகிற பெண் நான் ஒருத்திதான். காலையில் குடையும் நோட்டுமாக இறங்கும்போது எந்த ஜன்னலில் யார் நிற்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்க்க மாட்டேன். இந்த வேலை போனால் அந்த ஜன்னல்கள் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும்.

மாசியில், மலையாளக் கும்ப மாதத் தொடக்கத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். குரலை உயர்த்தி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. அதனாலேயே எல்லோருக்கும் அவரிடம் பயம்.

"டிரில் டீச்சருக்குக் கல்யாணமாயிப் போயாச்சு. ஆண்டு விழாவுக்கு நீதான் பிள்ளைகள நிப்பாட்டணும். அரண்மனையிலேருந்து ஆளு வருவாங்க. பாத்துச் செய்யி."

"எனக்கு டிரில் தெரியாதே மேடம்."

"கணக்குத் தெரியுமில்லா?"

அவ்வளவுதான். வெளியே வந்து வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சோதனை வைக்கிறார் என்றே தோன்றியது. இதில் தேறினால் வேலை நீடிக்கும். தவறினால் அவ்வளவுதான். அவர் அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டதுதான்.

என் வகுப்பில் முப்பத்தாறு பெண்கள், பதினொன்று பன்னிரண்டு வயதுக்காரிகள். முப்பத்தாறு என்ற எண்தான் எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல். அந்த மாதப் பாடமும் அதுவாகவே அமைந்தது. பகு எண், பகா எண். மலையாளப் புத்தகத்தில் 'அபாஜ்யம்' என்று போட்டிருந்தது, குழந்தைகளுக்கு வாயில் நுழையவில்லை. எல்லோரையும் முற்றத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

"முப்பத்தாறு பேரும் ஒரு வரிசையா நில்லுங்கோ. ஆச்சா? இப்போ ரெண்டு சம வரிசை."

பதினெட்டு பதினெட்டாக நின்றார்கள். மூன்று வரிசை என்றேன், பன்னிரண்டு பன்னிரண்டாக நின்றார்கள். நாலு வரிசை, ஒன்பது ஒன்பது. ஆறு வரிசை என்றபோது ஆறாறாக அழகான சதுரம் விழுந்தது. அவர்களே கைதட்டினார்கள். யாரும் மிஞ்சாமல் எத்தனை வரிசையாக நிற்க முடிகிறதோ அதெல்லாம் அந்த எண்ணின் காரணிகள் என்று சொன்னேன். ஐந்து வரிசை போட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி மிஞ்சினாள். ஐந்து காரணி இல்லை என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், ஒரே ஒரு வரிசையா மட்டும்தான் நிக்க முடியும்னா?"

"அதுதான் பகா எண். அந்த எண்ணும் ஒண்ணும் தவிர வேறே காரணி கிடையாது."

"அப்போ ஒண்ணு? ஒண்ணு பகா எண்ணா?"

எனக்கு நிச்சயமாகத் தெரியாது. நான் படித்த ஒரு புத்தகத்தில் ஆமென்று இருந்தது, இன்னொன்றில் இல்லையென்று இருந்தது. "அதை அப்புறம் பார்க்கலாம், மணி அடிச்சாச்சு" என்றேன். மணி அடித்திருக்கவில்லை. ஒருநாள் அவள் ஹெட்மிஸ்ட்ரஸிடம் போய் இதே கேள்வியைக் கேட்டுவிடுவாள் என்று ஒரு வாரம் பயந்துகொண்டிருந்தேன். அந்த நாட்களில் நான் பயப்படாத விஷயம் என்று எதுவும் கிடையாது.

அந்த வரிசைகளையே டிரில்லாக்கினேன். பாட்டு டீச்சர் ஹார்மோனியம் வாசிக்க, முதலில் ஆறாறாகச் சதுரம். அதிலிருந்து நகர்ந்து ஒன்பது ஒன்பதாக நாலு வரிசை. அப்புறம் பன்னிரண்டு. கடைசியில் இரண்டு நீள வரிசையாகப் பிரிந்து, எதிரெதிரே நிற்பவர்கள் கைகோத்து ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இரண்டு வாரத்தில் நன்றாகவே வந்துவிட்டது.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை ஒருத்தி வரவில்லை. அம்மை போட்டிருக்கிறது என்று அவள் அண்ணன் வந்து சொல்லிவிட்டுப் போனான். ஊரில் அம்மை என்ற சொல் கேட்டாலே முதலில் வசூரியோ, அதாவது பெரியம்மையோ என்ற பீதிதான் வரும். அம்மை குத்துகிற உத்தியோகஸ்தர் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்து, பெரியம்மை இல்லை, சின்னம்மைதான் என்று சொன்ன பிறகு பள்ளிக்கு மூச்சு வந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் எல்லா வகுப்புக்கும் ஒரு நோட்டீஸ் அனுப்பினார். உடம்பில் ஒரு சின்னக் கொப்புளம், கொஞ்சம் சூடு எது கண்டாலும் அந்தக் குழந்தையை அந்த நிமிஷமே வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். கைக்குழந்தை இருக்கிற வீடுகள் அனேகம் என்று அதில் தனியாக எழுதியிருந்தார். நான் படித்துக் கையெழுத்துப் போட்டேன்.

முப்பத்தைந்து ஆனது. ஐந்தேழு முப்பத்தைந்து, ஏழைந்து முப்பத்தைந்து, அவ்வளவுதான். என் சதுரம் போயிற்று. ராத்திரி எட்டு மணிக்குக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஸ்லேட்டில் புள்ளி வைத்துப் புது வரிசைகளைப் போட்டேன். புதன்கிழமை அக்கா தங்கை இரண்டு பேரும் வரவில்லை. முப்பத்துமூன்று. மூன்று பதினொன்று தவிர வேறு வழி கிடையாது. மூன்றையும் பதினொன்றையும் மட்டும் வைத்து என்ன டிரில் போடுவது? அழுகை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை இன்னொருத்திக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. கேட்டவுடன் மனதில் தோன்றியது இதுதான்: முப்பத்திரண்டு. இரண்டு, நாலு, எட்டு, பதினாறு. ஒரு குழந்தைக்கு ஜுரம் என்று கேட்டு எனக்கு நெஞ்சு லேசானது அன்றுதான். அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு வரிசை போடப் போய்விட்டேன்.

எட்டு எட்டாக நாலு வரிசை, நாலு நாலாக எட்டு வரிசை, கடைசியில் பதினாறு ஜோடி. விழாவுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. கால்கள் பழைய வரிசையை மறந்து எட்டுக்குப் பழக அத்தனை நாளும் பிடித்தது.

நடுவில் ஒருநாள் ஒரு பெண் வீட்டு விசேஷம் என்று வரவில்லை. வந்தவர்கள் முப்பத்தொன்று. பயிற்சி நடக்காது என்று தெரிந்தது. சரி, பாடமாவது நடக்கட்டும் என்று, முப்பத்தொன்றைப் பிரித்துப் பாருங்கள் என்றேன். உயரப்படி நிற்பார்கள். கடைசியில் நிற்பவள் சாலைக் கடைத்தெருவில் பெருங்காயக் கடை வைத்திருந்தவரின் மகள். வகுப்பிலேயே குள்ளம், வாயாடி. இரண்டு வரிசை போட்டால் அவள் மிஞ்சினாள். மூன்று வரிசை, அவள்தான். நாலு வரிசையில் மூன்று பேர் மிஞ்சியதால் அவளுக்குத் துணை கிடைத்தது, குதித்தாள். ஐந்து வரிசையில் மறுபடி தனியாக. ஆறுக்கும் அதே கதி.

"இன்னும் ஏழு, எட்டுன்னு போய்ப் பார்க்கணுமா டீச்சர்?" என்றாள் முன்வரிசைப் பெண்.

"வேண்டாம். ஆறாறு முப்பத்தாறு, முப்பத்தொண்ணைத் தாண்டியாச்சு. அதுக்கு மேலே ஒரு எண் வகுத்தா, ஒரு வரிசையில நிக்கறவா ஆறைவிடக் குறையணும். ஆறுக்குக் குறைஞ்சதெல்லாம் பார்த்தாச்சே. அப்போ முப்பத்தொண்ணு பகாது."

எல்லோருக்கும் புரிந்தது. பெருங்காயக் கடைக்காரர் மகள் மட்டும் ஓரமாக நின்று ரிப்பனைக் கடித்துக்கொண்டிருந்தாள். "எப்பப் பாத்தாலும் என்னையேல்லா டீச்சர் விட்டுட்டு நிக்காங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

விழா அன்று மதியம் இரண்டு மணிக்கு எல்லோரும் வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடையில் வந்துவிட்டார்கள். ரெட்டைப் பின்னலை மடித்துக் காதுக்குப் பின்னால் நீல ரிப்பன் கட்டியிருந்தார்கள். எண்ணினேன். முப்பத்திரண்டு. மறுபடி எண்ணினேன். மூன்றாம் தடவை எண்ணும்போது பெருங்காயக் கடைக்காரர் மகளின் இடது காதுக்குக் கீழே ஒன்று பளிச்சென்று தெரிந்தது. தோல்மேல் ஒரு துளித் தண்ணீர் நிற்கிற மாதிரி இருந்தது. அதன்மேல் பவுடர் அப்பியிருந்தாள்.

அவளைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டேன்.

"இது என்ன?"

"கொசு கடிச்சிட்டு டீச்சர்."

"எப்போ?"

"ராத்திரி. எங்க வீட்டுல ஒரே கொசு."

நெற்றியில் கை வைத்தேன். சூடு இருந்தது. வெயிலில் நின்றிருந்தாள். வெயில் சூடாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. என்னை நிறுத்திவிடாதீர்கள் என்று அந்தக் கண்கள் கெஞ்சியது எனக்குத் தெரிந்தது. வாசல் பக்கம் பாண்டு சத்தம் கேட்டது. அரண்மனை வண்டி வந்துவிட்டது.

அவளை அனுப்பினால் முப்பத்தொன்று. இன்னொருத்தியை நிறுத்தினால் முப்பது. முப்பது நல்ல எண்தான், எத்தனையோ விதமாகப் பகுபடும். ஆனால் ஒரு தப்பும் செய்யாத எந்தக் குழந்தையை நிறுத்துவது? நிறுத்தினாலும் ஐந்து ஆறு என்று புது வரிசைக்குக் கால் மணியில் எப்படிப் பழக்குவது? இவ்வளவும் அந்தக் கிணற்றடியில் நின்ற நேரத்தில் மனதில் ஓடியது. கணக்கு மட்டும்தான் ஓடியது. கொப்புளத்தைப் பற்றி ஓடவில்லை.

"ரிப்பனை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டிக்கோ" என்றேன்.

என் கையாலேயே இறக்கிக் கட்டினேன். கொப்புளம் மறைந்தது.

டிரில் ஒரு பிசகும் இல்லாமல் நடந்தது. எட்டு எட்டாக வந்து, நாலு நாலாக உடைந்து, மறுபடி எட்டாகக் கூடினார்கள். பந்தலில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்கு மற்ற முப்பத்தொரு பெண்களும் கண்ணில் படவில்லை, அந்த ஒருத்திதான் தெரிந்தாள். நடுவில் ஒருதரம் கையைத் தூக்கிக் கழுத்தைச் சொறிந்தாள். கடைசியில் ஜோடி சேர்ந்தபோது அவளோடு கைகோத்தவள் அஞ்சல் ஆபீஸ் உத்தியோகஸ்தரின் மகள். எங்களுக்கு அடுத்த தெரு. அவள் வீட்டில் நாலு மாதத் தம்பி இருப்பது எனக்குத் தெரியும். என் குழந்தையும் அவனும் மூன்று மாத வித்தியாசத்தில் பிறந்தவர்கள். இருவரும் முகத்துக்கு முகம் பார்த்துச் சிரித்துக்கொண்டு சுற்றினார்கள்.

"நல்லா இருந்திச்சு" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். அவர் அவ்வளவு சொல்லி நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் குழந்தை கையை நீட்டித் தாவியது. வாங்கவில்லை. நேரே கொல்லைக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். "என்னடீ இது, இந்த நேரத்துல குளியல்?" என்றார் நாத்தனார்.

"வெயில் அக்கா, தலைவலி" என்றேன்.

திங்கட்கிழமை பெருங்காயக் கடைக்காரர் மகள் வரவில்லை. அம்மை என்று ஆள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தொற்றினால் தெரிய இரண்டு வாரம் ஆகும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த இரண்டு வாரமும் காலையில் எழுந்ததும் முதல் வேலை, குழந்தையின் சட்டையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் முதுகு, வயிறு, அக்குள் என்று ஒவ்வொரு இடமாகப் பார்ப்பது. வேர்க்குரு கண்டாலும் விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பேன். அப்புறம் பள்ளியில் ஆஜர் எடுப்பது. பெயர் கூப்பிட்டுவிட்டு, 'பிரசன்ட்' என்ற குரல் வருகிறவரைக்கும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

பதினைந்தாம் நாள் நாலு பெயருக்குக் குரல் வரவில்லை. அதில் ஒன்று அஞ்சல் ஆபீஸ்காரர் மகள். மற்ற மூவருக்கு வேறெங்கிருந்தாவது வந்திருக்கலாம், ஊர் முழுக்க இருந்ததே. இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குச் சந்தேகமில்லை.

சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசல் நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. அவள் அம்மா உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "அய்யோ, உள்ளே வராதேங்கோ! உங்களுக்கும் கைக்குழந்தை உண்டே. அங்கேயே நில்லுங்கோ" என்றாள். "டீச்சர் இவ்வளவு தூரம் தேடிண்டு வந்தேளே, அதுவே போறும்."

சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பினேன். அவளுடைய கைக்குழந்தை உள்ளே அழுதுகொண்டிருந்தது. என் குழந்தைக்கு ஒன்றும் வரவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தாலே எனக்கு இன்றும் கூசுகிறது.

இன்னும் இரண்டு வாரத்தில் அந்தக் கைக்குழந்தைக்கும் கண்டது. குழந்தை பால் குடிக்கவில்லை, மூச்சு இரைக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் நாத்தனார் கேட்டு வந்து சொன்னார். கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். பள்ளிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் பள்ளி வளாகத்திலேயே குடியிருந்தார்.

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கொப்புளம், சூடு, ரிப்பன் எல்லாம். 

"ஏன் பிள்ளே?" என்றார் கடைசியில்.

"முப்பத்தொண்ணு ஆயிடும் மேடம். முப்பத்தொண்ணு பகாது. வரிசை வராது."



"முப்பத்திரண்டு இடத்துல ஒரு இடம் காலியா நின்னா என்ன? யாரு கேக்கப் போறா? கேட்டா, பிள்ளைக்குச் சொகமில்லைன்னு சொன்னாத் தீந்துபோச்சு."

 ஒரு மாதம் முழுக்க எத்தனையோ விதமாக வகுத்துப் பார்த்திருக்கிறேன். இது எனக்குத் தோன்றவே இல்லை.

"வேலை போயிடும்னு பயம் மேடம்."

"நான் அப்படிச் சொன்னேனா?"

"இல்லை."

"சரி. இத எங்கிட்டச் சொல்லிப் பிரயோசனமில்ல. அந்தத் தாய்கிட்டப் போயிச் சொல்லு."

ஆஸ்பத்திரியில் போய்ச் சொல்லத் தைரியம் வரவில்லை. ஆறு நாள் கழித்துக் குழந்தை தேறி வீட்டுக்கு வந்த பிறகுதான் போனேன். இந்தத் தடவை உள்ளே கூப்பிட்டாள். குழந்தை பாயில் கிடந்தது. இளைத்துப்போயிருந்தது, நெற்றியில் இரண்டு மூன்று பள்ளம். அக்காக்காரி பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். அவளை உள்ளே அனுப்பச் சொல்லிவிட்டு நான் சொன்னேன்.

அவள் அம்மா குழந்தையின் நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு டிரில் முடிஞ்சு வந்து, டீச்சர் என்னைப் பார்த்துச் சிரிச்சாம்மான்னு சொன்னா எம் பொண்ணு" என்றாள். அப்புறம், "மூணு நாள் இவன் கண்ணே திறக்கலை கேட்டேளா. நான் போன ஜன்மத்துப் பாவம்னு நினைச்சுண்டிருந்தேன்" என்றாள்.

 நான் எழுந்தபோது அவள் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு கோவிலில் எதிரெதிரே வந்தாலும் அவள் என்னிடம் பேசியதில்லை. அவள் மகள் மட்டும் பழையபடியே என்னிடம் படித்தாள். வீட்டில் அவளுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

கோடை விடுமுறைக்கு முன் என் ஆக்டிங் இன்னும் ஒரு வருஷத்துக்கு நீட்டிக்கப்பட்டதாகக் காகிதம் வந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் எழுதிப் போட்டிருந்தார். எதனால் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த நாளைப் பற்றி எங்களுக்குள் பிறகு பேச்சே எழவில்லை.

பெருங்காயக் கடைக்காரர் மகள் திரும்பி வந்தது நான் அஞ்சல் ஆபீஸ்காரர் வீட்டுக்குப் போய்ச் சொன்ன வாரத்தில்தான். தழும்பு ஆறுகிறவரை வீட்டில் விடவில்லையாம். முகமெல்லாம் கரும்புள்ளி. பழைய வாயாட்டம் இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போன பிறகு என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், அவ தம்பிக்கு என்னாலயா வந்திச்சு?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் எண்ணிப் பாத்தேன். அன்னைக்கு நான்தான அவ கையைப் பிடிச்சேன்." உதடு துடித்தது. "நான் கொசுன்னு பொய் சொன்னேன் டீச்சர். அம்மாகிட்டயும் சொல்லல. சொன்னா என்னை விட்டுட்டு நிப்பீங்கன்னு..."

அவளை இழுத்து என் பக்கத்தில் உட்கார வைத்தேன்.  இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று தெரிந்தது.

"உன்னால இல்லை. கேட்டுக்கோ. நீ கொசுன்னு சொன்னே. நான் அதை நம்பலை. நம்பின மாதிரி இருந்தேன். ரிப்பனை இறக்கிக் கட்டினது யாரு?"

"நீங்க."

"அப்போ யாரால?"

 ஒரு பன்னிரண்டு வயதுக் குழந்தை தன் டீச்சரிடம் அந்தப் பதிலை எப்படிச் சொல்லும்? என் புடவைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "அவன் இப்போ பால் குடிக்கானா டீச்சர்?" என்று கேட்டாள்.

"குடிக்கறான்."

"நல்லாக் குடிக்கானா?"

"நன்னாக் குடிக்கறான். நானே பார்த்தேன்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மற்றவர்கள் கிணற்றடியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் ஓரமாகத் தயங்கி நின்றாள். அஞ்சல் ஆபீஸ்காரர் மகள் கொஞ்சம் நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.